முகம் ஏன் சிவந்தது?

துபாய்,
9.6.2024

அன்புள்ள பாஹிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் ரூமில் இருக்கும் சேக் காக்கா ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன்.

வீடியோ காலில் உன் மாமி மகன் ஹுதைஃபாவின் பேச்சு வந்ததும் உன் முகம் கழுத்துவரை சிவந்தது. லைட் வெளிச்சம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுவாரமும் அதே சிவப்பு. ஒரு காலத்தில் உன்னைப் பெண் கேட்டவன் அவன். இப்போது அவன் காரில் நீ தூத்துக்குடிக்குப் போய் வந்தாயாம். “மச்சி சிரிச்சிக்கிட்டே இறங்குனாங்க” என்று உன்னைப் பற்றிச் சொல்கிறாள் என் தங்கை இஃப்ரா. நான் இங்கே வெயிலில் வேகிறேன், அவன் அங்கே உனக்குக் கார் ஓட்டுகிறான். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். என்ன நடக்கிறது?

தல்ஹா

காயல்பட்டினம்,
20.6.2024

என் அன்பு மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தைப் படித்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. டாக்டரைப் பார்க்கத்தான் போனோம். பின்சீட்டில் உம்மாவும் இருந்தார்களே, அதை இஃப்ரா சொல்லவில்லையா?

மீன்காரரிடம் பேரம் பேசும்போதும் என் முகம் இப்படித்தான் சிவக்கிறது. அடுப்படியில் தனியாக நிற்கும்போதும். கூடவே வயிற்றுப்போக்கு. ஹார்மோன் சுரக்கும் இடங்களில் வளரும் ஒருவகைக் கட்டியாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். குரோமோகிரானின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அளவு அதிகம். வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்றுதான் மறைத்தேன்.

ஆனால் நெஞ்செரிச்சலுக்கு நீங்கள் அனுப்பும் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதைப் போட்டால் அளவு பொய்யாக ஏறுமாம். நான் நிறுத்தவில்லை. தினமும் வீடியோவில் விழுங்கவைத்துப் பார்த்தீர்கள். நிறுத்தினால் “யார் சொல்லி நிறுத்துனே?” என்பீர்கள். இப்போது நிறுத்திவிட்டேன், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது மச்சான். ஒரு தடவை கூப்பிடுங்கள்.

உங்கள்
பாஹிமா

துபாய்,
1.7.2024

பாஹிமாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ்! நோய்தானா? நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். நோய்க்கு வைத்தியம் இருக்கிறது. சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்ப்போம். அவன் காரில் மட்டும் ஏறாதே, பஸ்ஸில் போ.

இந்தத் தடவையும் அதிகமாக வந்தால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றுமில்லை என்று வந்தால், முகம் ஏன் சிவந்தது என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை போன் வேண்டாம்.

தல்ஹா

காயல்பட்டினம்,
22.7.2024

தல்ஹா அவர்களுக்கு,

ஸலாம். ரிசல்ட் வந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறது, ஸ்கேனிலும் கட்டி இல்லை. “மவளே, அல்லா காப்பாத்திட்டான்” என்று உம்மா தெருவுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு அந்த நெஞ்செரிச்சல் மாத்திரையாலாம், நிறுத்தியதும் நின்றுவிட்டது. நான் போடும் பிரஷர் மாத்திரையாலும் முகம் சிவக்கலாமாம், மாற்றித் தருகிறேன் என்றார் டாக்டர். இதைச் சொன்னால் அந்த டாக்டருக்கு என்ன வயது என்று கேட்பீர்கள்.

பஸ்ஸில் தூத்துக்குடி போகும் வழி முழுக்க, கட்டி இருந்துவிடட்டும் ரப்பே என்று துஆ கேட்டேன். நோயாளி ஆனால்தானே உங்களுக்கு நான் நல்லவள். ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் அந்த துஆவுக்காக ரப்பிடம் பிழை பொறுக்கக் கேட்டேன். எந்தப் பெண்ணும் தனக்காக அப்படிக் கேட்கக் கூடாது.

நம்மூரில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். இது என் வீடு. உங்கள் சட்டைகளையும் தொழுகை விரிப்பையும் பெட்டியில் அடுக்கி உங்கள் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஊருக்கு வந்தால் அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

பாஹிமா