முஸ்தோலா கிராசிங்கில் மூன்று நிமிடம்

மே 14, செவ்வாய்

காலை ரயில் வண்டி நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பியது. ஏரியில் பனிக்கட்டி முழுக்கக் கரைந்துவிட்டது. முஸ்தோலா பண்ணை லெவல் கிராசிங்குக்கு முன்னால், ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை நட்டிருக்கும் இடத்தில் வழக்கம்போல ஹாரன் அடித்தேன். அங்கே கேட்டும் கிடையாது, விளக்கும் கிடையாது. பண்ணைக்காரர் அர்மாஸ் முற்றத்தில் டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்தார். காதில் அந்தப் பெரிய காதுமூடி. அதற்குள்ளேயே ரேடியோ பாடும். என்னைப் பார்த்துக் கை தூக்கினார். நாங்கள் 10.57க்குக் கடப்போம். ரேடியோவில் பதினொரு மணிச் செய்தி தொடங்கியதும் அவர் தண்டவாளத்தைத் தாண்டி வயலுக்குப் போவார். முப்பது வருஷமாக இதுதான் பழக்கமாம்.

"அந்த ஆளு நம்மள நம்பித்தான் உருளைக்கிழங்கே போடுறாரு. நீ லீவு எடுத்தா முளைக்காது மெர்வி," என்றான் கண்டக்டர் காலெவி.

பதினொரு வருஷமாக இவன் வாயோடு ஒரே வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் பதக்கம் தர வேண்டும்.

மே 17

மழை. எழுத ஒன்றுமில்லை.

மே 21, செவ்வாய்

வலது மணிக்கட்டில் கட்டு. அர்மாஸ் இறந்துவிட்டார். என் வண்டி மோதி.

மே 24

எழுதினால் நல்லது என்கிறார் மருத்துவர். சரி.

செவ்வாய்க்கிழமை. முஸ்தோலாவுக்கு முந்தின ராந்தாலா நிறுத்தம். கிளம்ப வேண்டிய நேரம். காலெவி என் கேபினுக்குள் தலையை நீட்டினான். "ஒரு பொண்ணு தள்ளுவண்டியில குழந்தைய வச்சுத் தள்ளிக்கிட்டு ஓடி வருது. நிக்கலாமா?"

நிற்கலாம் என்றேன். அடுத்த வண்டி சாயங்காலம்தான். இந்தத் தடத்தில் எல்லா டிரைவர்களும் செய்வதுதான். ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போனால் ஊரே பேசும். தள்ளுவண்டியை ஏற்றி, கதவை மூடிக் கிளம்ப மூன்று நிமிடம் ஆனது.

பலகை வந்தது. ஹாரன் அடித்தேன். வளைவு திரும்பினால் — டிராக்டர் தண்டவாளத்தின் மேல். அவர் காதில் காதுமூடியோடு நேராக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பிரேக்கை முழுக்க இழுத்தேன். இன்னும் நூறு மீட்டர்கூட இல்லை. அந்த இடத்தில் டிரைவர் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை, பார்க்கத்தான் முடியும். கேபினை விட்டுப் பின்னால் ஓடினேன்; மோதிய வேகத்தில் கையூன்றி விழுந்தேன்.

வண்டி நின்றதும் இறங்கப் போனேன். காலெவி கதவை மறித்துக்கொண்டு நின்றான். "நீ வேணாம். நான் போறேன். உக்காரு." திரும்பி வந்தபோது அவன் தொப்பி கையில் இருந்தது.

அந்தக் குழந்தை கடைசிவரை தூங்கிக்கொண்டே இருந்தது.

ஜூன் 11

விசாரணைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். ஹாரன் உரிய இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறதாம், வேகமும் வரம்புக்குள்தானாம். வண்டியின் பதிவுக் கருவி சொல்கிறது. "உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க," என்றார் பெரியவர். பின்லாந்தில் இப்படிக் கேட் இல்லாத கிராசிங் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றும் சொன்னார். எனக்கா தெரியாது?

மூன்று நிமிடத் தாமதத்தை ஒரு வரியாக எழுதிக்கொண்டார்கள். ஏன் என்று தோண்டிக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை. 10.57க்குப் போயிருந்தால் அந்த மனுஷன் இன்னிக்கு உருளைக்கிழங்குக்கு மண் அணைச்சிக்கிட்டிருப்பார். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

ஜூன் 21

எல்லாரும் ஏரிக்கரையில் நடுக்கோடைத் திருநாள் நெருப்பு மூட்டப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

ஜூலை 2

காலெவி ஏலக்காய் ரொட்டியோடு வந்தான். எப்போது வேலைக்கு வருகிறாய் என்றான்.

"ராந்தாலால யாராவது ஓடி வந்தா நான் என்ன பண்ணுவேன் காலெவி?"

ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தான். தின்னவில்லை. "நின்னது தப்புன்னா என்னையும் சேத்துக்கோ. நிக்கலாமான்னு கேட்டது நான்தான்."

இவனும் தூங்குவதில்லை போலிருக்கிறது. ஆறு வாரமாக அவனைப் பற்றி நான் ஒரு தடவையாவது நினைத்தேனா?

ஜூலை 16

அர்மாஸின் மனைவி ஹில்க்காவைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தார், யாரென்று கேட்கவில்லை. காபி வைத்தார். கோப்பையைத் தொடாமல் மூன்று நிமிடத்தையும் சொல்லி முடித்தேன்.

ஹில்க்கா கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்குக் கொட்டகைக்குள்ள விதை மூட்டை ஏத்திக்கிட்டிருந்தாரு. நீ வந்தியா போனியான்னு பாக்கல. செய்தி ஆரம்பிச்சிருச்சு, வண்டி போயிருச்சுன்னு கிளம்பிட்டாரு."

"நான் நேரத்துக்கு வந்திருந்தா —"

"உன்மேல கோபமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்துச்சு. இப்ப அவர் மேலதான். கழுத்தத் திருப்பிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு. வீட்டுல இருக்கிற என்னை நினைச்சாவது திரும்பிப் பாத்திருக்கலாம்ல?" அதற்குப் பிறகுதான் அழுதார். நானும்.

கிராசிங்கை அடுத்த வசந்தத்தில்தான் மூடுவார்களாம். அதுவரை ஹில்க்கா தாண்டித்தான் ஆக வேண்டும்; ஆகஸ்டில் வயலில் இரண்டாவது தடவை தீவனப் புல் வெட்ட வேண்டும்.

வாசலில் என் கட்டுப் பிரித்த கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஓட்ட வா. லேட்டா வந்தாலும் வா. உன் வண்டி என் முன்னால போறத கண்ணால பாத்த பிறகுதான் நான் கியர் போடுவேன்."

வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது?

ஆகஸ்ட் 12, திங்கள்

மறுபடி வண்டி ஓட்டுகிறேன். ராந்தாலாவில் ஒரு கிழவர், இரண்டு கைகளிலும் காட்டுப்பழ வாளி, மேட்டில் இருந்து ஓட முடியாமல் ஓடி வந்தார். காலெவி கேபின் வாசலில் நின்றான். கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"நிக்கலாம்," என்றேன்.

கிழவர் ஒரு வாளியைக் கொட்டிவிட்டார். பொறுக்காமல் வரமாட்டேன் என்றார். காலெவியும் குனிந்து பொறுக்கினான்.

பலகைக்கு முன்பே ஹாரனை அழுத்தினேன், வளைவு முடியும்வரை எடுக்கவில்லை. வளைவு திரும்பியது.

டிராக்டர் தண்டவாளத்துக்குத் தள்ளியே நின்றது. ஹில்க்கா கீழே இறங்கிப் புல்லில் நின்றிருந்தார். காதுமூடி கழுத்தில் தொங்கியது.

மணி 11.01. நான்கு நிமிடம் தாமதம். அவர் காத்திருந்தார்.