மாரியின் புத்தகத்தில் உன் பெயர்

ஆமாம், அதை எழுதியது நான்தான். உன் கையெழுத்தைப் போலவே சாய்த்து எழுதி, கீழே உன் பெயரையும் போட்டேன். "மாரி, வீட்டுக்குப் போ. கதவு திறக்கும். குழலி."

அன்புள்ள குழலிக்கு அம்மா எழுதுவது. நலம் சொல்லித்தான் தொடங்க வேண்டும், சொல்லிவிடுகிறேன். அப்பா நலம், மாத்திரையை மறப்பதில்லை, இன்று அவருக்குக் காலை ஷிப்ட். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே குளிர் எப்படி என்று கேட்க நினைத்தேன், கேட்டுவிட்டேன். இப்போது மணி ஒன்று பத்து. உன் போன் லாக்கரில் கிடக்கிறது. ஷிப்ட் முடித்து நீ அதை எடுக்கும்போது இங்கே ஆறரை ஆகியிருக்கும். செய்ய வேண்டிய போன்களை எல்லாம் செய்து முடித்துவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை. ஆஸ்டல் அவுட்பாஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். குரலில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நவம்பரில் நீ கேட்டாய். ஸ்லோவாக்கியாவில் உன் கம்பெனி லைனில் இருப்பவர்கள் பண்டிகைக்குக் கதைப் புத்தகம் கொடுத்துக்கொள்கிறார்கள், கதைக்குள்ளும் கிறிஸ்துமஸ் இருக்க வேண்டுமாம். இந்த வருஷம் நம் ஆஸ்டல் பிள்ளைகளோடு சீட்டுக் குலுக்கி, பேர் சொல்லாமல் பரிசு கொடுக்கிற கிறிஸ்மா விளையாட நான் இல்லை, அதனால் நாலு பேருக்கும் என் பேரில் நீயே வாங்கிக் கொடும்மா, எது யாருக்குன்னு எம்.ஏ. படிச்ச உனக்குத்தான் தெரியும் என்றாய். அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. தாம்பரத்தில் சர்ச் வாசல் புத்தகக் கடையில் அரை நாள் நின்றேன். படிக்கிற காலத்தில் இந்தக் கதைகளைக் கண்டால் எனக்கு இளக்காரம். பனி, மெழுகுவத்தி, கடைசிப் பக்கத்தில் யாராவது யாரையாவது மன்னிப்பார்கள். இப்போது நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தேன். தங்கமாரிக்குப் பொறுமை கிடையாது, அவளுக்கு கேக் கருகிப்போகிற மெல்லிய புத்தகம். அன்னக்கிளிக்கு மணிக்கூண்டுப் பேய். சுகப்பிரியாவுக்குத் தபால்காரர் வழி தவறுகிற கதை, சிரிப்பாள். நம் மாரிக்கு, மாரிசெல்விக்கு, என்ன கொடுப்பதென்று மட்டும் தெரியவில்லை. உனக்கு நெருக்கமானவள் அவள்தான். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா பேச மாட்டார் என்று ஒருமுறை சொன்னது. வீட்டுக்கு வீடு இருக்கிற சண்டை என்று நினைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் கதை கையில் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன பெண் பண்டிகைக்கு முந்தின நாள் திரும்பி வருகிறாள். ஜன்னலில் விளக்கு எரிகிறது. அப்பா கதவைத் திறக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்கிறார்.

கடையில் அழுதுவிட்டேன் குழலி. எதற்கு அழுதேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அந்தக் கதையில் வந்து நின்றது நீ. திறந்தது நம் வீட்டுக் கதவு. நீ வரவேண்டும் என்று உன்னிடம் சொல்ல வாய் வராமல், உன் பெயரிலேயே அதை எழுதி இன்னொருத்தி பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைக் கொடுத்தேன். எங்க வார்டன்மா பொசுக்குனு ஸ்கேல தூக்கிட்டு வருவாங்கன்னு பாத்தா புக்க தூக்கிட்டு வாறாங்க என்று தங்கமாரி கேலி பண்ணினாள். மாரி முதல் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குழலியே எழுதச் சொன்னாளா வார்டன்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

இன்று காலை ஆறு மணிக்கு ஆட்டோ ஏறிப் போயிருக்கிறாள். கிளாம்பாக்கத்தில் ஏழு மணிக்குச் சங்கரன்கோவில் பஸ். கம்பெனி கொடுத்த பிளம் கேக்கை அப்பாவுக்கென்று எடுத்துப் போயிருக்கிறாள். அவுட்பாஸ் நோட்டில் கையெழுத்து இருந்தது, டிக்கெட் நகல் இருந்தது. பெண் கிளம்பினால் வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்வது நம் ஆஸ்டல் வழக்கம், உனக்குத் தெரியாததா. எட்டு மணிக்குப் பண்ணினேன். அவள் அப்பாதான் எடுத்தார். உங்க பொண்ணு வர்றா சார் என்றேன், நல்ல சேதி சொல்கிற குரலில். வாறாளா என்றார். எந்த வண்டி மேடம் என்றார். நான் டிக்கெட்டைப் பார்த்து வாசித்தேன். பஸ் நம்பர், சீட் இருபத்து மூன்று, மாலை ஏழு மணிக்குச் சேரும். சரிங்க மேடம், நாங்க போய்க் கூட்டிக்கிடுதோம், நீங்க அலட்டிக்கிடாதீங்க என்றார். எவ்வளவு மெல்லிய குரல் தெரியுமா. அவ்வளவு பணிவாக எந்த அப்பாவும் என்னிடம் பேசியதில்லை. போனை வைத்துவிட்டு, கதை பலித்துவிட்டது என்று டீ குடித்தேன்.

பத்தேகாலுக்கு உன் குரல் பதிவு வந்தது. மாரி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஷிப்டுக்குள் போகிற அவசரத்தில் நீ கத்தியது. அம்மா, அவ புக்ல என் பேர்ல இன்னா எழுதின? அவளும் ஐயனாரும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினாங்க, வேற சாதி, அவங்க அப்பாவுக்குத் தெரியும், ஊர்ல கால் வச்சா உசுரோட திரும்ப மாட்டன்னு சொல்லிக்கீறாரு, அவள நிறுத்தும்மா. நாலு தடவை கேட்டேன். டீ டம்ளர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

மாரியின் போன் அணைந்திருக்கிறது. ஐயனார் அண்ணன் தடுத்துருவாருன்னு அவதான் ஆஃப் பண்ணி வச்சிருக்கா என்று சுகப்பிரியா அழுகிறாள். ஐயனாரின் கம்பெனி வாசலுக்கு ஓடி, செக்யூரிட்டியிடம் கெஞ்சி அவனை லைனிலிருந்து வெளியே வரவழைத்தேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எந்த சீட்டுன்னும் சொல்லிட்டீங்களாம்மா என்று மட்டும் கேட்டான். அவன் மதினி மதுரையில் நர்ஸ், மூன்றரைக்கு பஸ் மாட்டுத்தாவணிக்குள் வரும்போது அங்கே நிற்பாள். பெண்கள் உதவி எண்ணில் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு பெண் போலீஸ் கூட வருவார் என்றார்கள். இறங்க மாட்டேன் என்று மாரி சொன்னால் மேஜரான பெண்ணை இழுத்து இறக்க முடியாதும்மா என்றும் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. மாரியின் அப்பா சங்கரன்கோவிலில்தான் நிற்பார் என்று யார் சொன்னது? எட்டு மணிக்கே சொல்லிவிட்டேன். மதுரைக்கு வர அவருக்கு மூன்று மணி நேரம் போதும். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

இரண்டு ஐம்பது. உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. நீ கையுறை போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, இதையெல்லாம் எழுதுவதற்கும் பயமாக இருக்கிறது, சொல்லும் தகுதி போய்விட்டதைப் போல. இருந்தாலும் சொல்கிறேன். உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். போகிற இடத்தில் உன்னை நம்புகிறவர்கள் இருக்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், இதைப் படித்ததும் மாரியின் ஊர்ப் பக்கம் யாருக்கும் போன் செய்யாதே. முதலில் என்னைக் கூப்பிடு. நீ எப்போது வந்தாலும், யாரோடு வந்தாலும், வடக்குப்பட்டில் இந்த வீடு உனக்குத் திறக்கும். இதை உனக்கே எழுதியிருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஸ்ரீமதி

மூன்று ஐம்பத்தைந்து. மதினியின் போனிலிருந்து மாரி பேசினாள். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. குழலியே போகச் சொல்லிட்டா, நீங்க யாரு வார்டன்மா தடுக்க என்றாள். கண்டக்டர் விசில் கேட்டது. குழலி சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது, எழுதியது நான், உன் அப்பாவிடம் சீட் நம்பரைச் சொன்னதும் நான் என்றேன். பிறகு மதினி பேசினாள். இறங்கிட்டா, கேக்கு பஸ்லயே போயிருச்சு, எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றாள். மாரி என்னோடு மறுபடி பேசவில்லை.

நாலரையிலிருந்து அவள் அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. வாசல் கேட்டைப் பூட்டினேன். அவுட்பாஸ் நோட்டில் மாரியின் பக்கத்தை, யார் வந்து கேட்டாலும் கிடைக்காதபடி, கிழித்து உன் அப்பாவின் சட்டைப்பையில் வைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மற்ற மூன்று புத்தகங்களிலும் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.