சதுக்கத்தில் குடித்த காபி

பொட்சுவோலி,
மார்ச் 18

அன்புள்ள தம்பி எத்தோரேவுக்கு,

நானும் அப்பாவும் நலம். போனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நிலநடுக்கத்தைப் பற்றி அவர் உன்னிடம், "ஒண்ணுமில்லடா, லேசா ஆடுச்சு" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நடந்தது வேறு.

காலை ஒன்பது மணி. அப்பா அப்போதுதான் காபி போடும் மோகா கெண்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார். முதல் குலுக்கலிலேயே மாடிப்படிச் சுவரின் விரிசல் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. மூன்று மாடியும் இறங்கிச் சதுக்கத்துக்கு ஓடினோம். அங்கே நின்றதும் அப்பா என் கையை உதறினார். "அடுப்ப அணைக்கல. காபி தீஞ்சிடும்." நான், "வீடே விழப்போகுது, காபியாம்!" என்று கத்தினேன். நான் கத்தினேன் என்றால் நீ நம்பமாட்டாய். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் ஓடினேன். வாசலை எட்டுவதற்குள் நிலம் மறுபடியும் குலுங்கியது. கீழ்வீட்டு நுன்சியா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உங்கப்பாவ விடுடி. சாவே வந்து நின்னாலும், உக்காரு, ஒரு கப் குடின்னு சொல்ற மனுஷன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம்.

வந்தார். ஒரு கையில் மோகா, மணம் போகாமலிருக்க அதன் மூக்கில் வழக்கமான காகிதக் கூம்பு. மறு கையில் நான்கு கோப்பைகள். கூட்டம் கைதட்டியது. "வாங்க, வாங்க, சூடா இருக்கு" என்று ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தேன். தீய்ந்திருந்தது, எத்தோரே.

அவர் வைக்கும் சிறு தீயில் காபி ஏற எட்டு நிமிடம் ஆகும். என் கையை உதறிய மூன்றாவது நிமிடமே, அது ஏறும் முன்பே, அவர் சமையலறைக்குப் போயிருப்பார். மூடியைத் திறந்துவைத்து, கொர்ரென்ற முதல் சத்தத்திலேயே அணைத்துவிடுகிறவர், ஒருநாளும் தவறியதில்லை. இம்முறை சத்தம் கேட்டும் தரையிலிருந்து எழ முடியாமல் இருந்திருக்கிறார். அவருடைய முழங்கால் இரண்டிலும் சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது.

யார் வீட்டுக் காபியிலும் குறை கண்டுபிடிக்கும் நுன்சியா, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றாள். அப்பா தன் கோப்பைக்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டு இன்னொரு பெரிய குலுக்கலைத் தாங்காது என்று வந்து பார்த்த பொறியாளர் சொல்லிவிட்டார். வெளியேறச் சொல்லி உத்தரவு இன்னும் வரவில்லை. அதுதான் அப்பாவுக்குச் சாக்கு. "பயமா இருந்தா நீ போ. நான் எதுக்கு ஓடணும்?" என்கிறார். அவரை விட்டு நான் போகமாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் காபி போடுகிறார். கோப்பையை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவரை அங்கே வந்து தங்கச் சொல்லாதே, வரமாட்டார். நிலநடுக்கம் என்ற பேச்சையே எடுக்காதே. உன் தூரின் நகரத்துத் தண்ணீரில் நல்ல காபி வராது என்று இருபது வருடமாகச் சொல்கிறாரே, அவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள். எப்படிப் போட்டாலும் கசக்கிறது, ஒரு வாரம் வந்திருந்து என்ன தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேள். உனக்கு நன்றாகவே போட வரும். எனக்குத் தெரியும். அவர் வந்த பிறகும் கொஞ்ச நாள் மோசமாகவே போடு.

மோகாவை அவர் எடுத்துவைப்பார். துணிமணிகளை நான் ஏற்கெனவே எடுத்துவைத்துவிட்டேன், கட்டிலுக்கு அடியில். கடிதம் கிடைத்த அன்றே அவரைப் போனில் கூப்பிடு.

உன் அக்கா,
லொரெதானா