பத்துக் குஞ்சு போதாது

மே 6, செவ்வாய்

சூட்டி, விடியவே சோளகக் காற்று. கண்ணெல்லாம் மண். முந்தல் பண்ணைக்கு இறால் குஞ்சு லொறி வந்தது. சோதனை என் வேலை. பத்துக் குஞ்சை நல்ல தண்ணீர்ப் பேசினில் விட்டு அரை மணித்தியாலம். ஒன்று செத்தால் பரவாயில்லை. இரண்டு செத்தால் முழு லொறியும் திரும்பும்.

இன்று இரண்டு செத்தது.

முதலாளி திருப்பி ஏற்றச் சொன்னார். என் வாய் தானாகத் திறந்தது. "பத்து போதாது முதலாளி. நூறு விட்டுப் பாப்பம்."

"ஆர் சொன்னது?"

"என்ட மகள்."

அதற்குமேல் கேட்கவில்லை. உன் செத்தவீட்டுக்கு வந்தவர்.

லொறிக்காரன் சிரித்தான். "அக்கா எண்ணி முடிக்க இதெல்லாம் கறிக்கு வந்திடும்."

நூற்றில் பதினொன்று செத்தது. நீ கணக்குப் போட்டுத் தந்த கடதாசியில் பதினைந்து வரை பாதகமில்லை. இறக்கினோம்.

"பிழையாப் போனா உன்ட தலையிலதான் மேரி. பிறகு வேலைக்கு வராத," என்றார் முதலாளி.

மே 7, புதன்

பாண், பருப்பு. சவுக்காரம் வாங்க மறந்தேன்.

உன் ஏஎல் பரீட்சைக் கணக்குக் கொப்பியை எடுத்தேன். சிவப்புப் பேனையில் ஈருறுப்புத் தேற்றம். கீழே முக்கோணமாக எண்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன விளங்கும். நீ குசினிக் கதிரையில் இருந்து சொன்னதுதான் ஞாபகம். "ஒவ்வொரு குஞ்சும் ஒண்டில் உயிரோட இருக்கும், இல்லாட்டிச் சாகும். நல்ல குஞ்சிலயே நாலு தரம் பாத்தா ஒரு தரம் பத்தில ரெண்டு செத்திடும் அம்மா. அதுக்குப் போய் லொறியத் திருப்புறதா? நூறு பாருங்க, அவ்வளவு லேசா ஏமாத்தாது."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன். பாதிதான் கேட்டேன்.

மே 20, செவ்வாய்

குளத்தில் செத்தது மிதக்கிறதா என்று குனிந்து குனிந்து கழுத்து நோவு. வேலை போனால் போகட்டும். உன் கணக்கு பிழையாகக் கூடாது.

மே 27, செவ்வாய்

தீன் தட்டைத் தூக்கினோம். தட்டு நிறைய இறால். துள்ளி முகமெல்லாம் தண்ணீர்.

முதலாளி கூப்பிட்டார். "மேரி, மகள்ட கடதாசியத் தாங்க. போட்டோக் கொப்பி அடிச்சு ஸ்டோர்ல ஒட்டுவம்." இனி எல்லா லொறிக்கும் நூறாம். ஓம் என்றேன். அழவில்லை.

வீட்டில் ஒரு பிளேன்டீ. சீனி இல்லை.

நீ கிடந்த டெங்கு வாட்டில் டொக்டர் அன்றைக்குச் சொன்னார், "கனபேருக்குச் சுகமாகும், பயப்படாதீங்க." பொய் இல்லை. மற்றக் கட்டில் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். உன் கணக்கு நூறு வைத்திருக்கிறவர்களுக்கு. எனக்கு நீ ஒருத்தி. ஒன்றே ஒன்று வைத்திருந்தவள் எப்படிக் கணக்குப் பார்க்கிறது, சூட்டி?