சொல்லாமல் மறையும் பச்சைப் பெட்டிகள்

மாத்தளை,
17.03.2008

அன்புள்ள மகன் மாணிக்கவாசகத்துக்கு,

நான் சுகம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுச் சரோஜாதேவி உன்னிடம் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம். "பெரியம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு, கம்ப்யூட்டர் மூஞ்சியில காயிதம் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். காகிதம் ஒட்டியது உண்மை. காரணத்தை அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? உனக்குச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது, யூரோ விலை ஏறி இறங்கும் படத்தை மாடி அறைக் கம்ப்யூட்டரில் காட்டினாய். கீழே பச்சைப் பெட்டி கேள்வி வலயம், அதாவது அந்த விலையில் வாங்குபவர்கள் காத்திருக்கிறார்கள். மேலே சிவப்பு நிரம்பல் வலயம், அங்கே விற்பவர்கள். "பழைய படத்தப் பாருங்கம்மா, ஒவ்வொரு தடவையும் பச்சையத் தொட்டுட்டுத் திரும்பியிருக்கு" என்றாய். இந்த வீட்டை விற்று அந்த யூரோ வியாபாரத்தில் போடக் கையெழுத்துக் கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன்.

பூத்தையலுக்குப் படம் எடுக்கும் மெல்லிய தாளைத் திரையில் வைத்து, பெட்டிகளைப் பென்சிலால் வரைந்து எடுத்து வைத்தேன். பிறகு ஒரு நாள் விலை பச்சைப் பெட்டியை உடைத்துக்கொண்டு கீழே போயிற்று. மறுநாள் தாளை வைத்துப் பார்த்தால், திரையில் அந்தப் பெட்டியே இல்லை! இன்னும் கீழே புதிதாக ஒன்று. இப்படிப் பல தடவை. தவறியதையெல்லாம் அழித்துவிட்டு, பலித்ததை மட்டும் உனக்குக் காட்டுகிறது, மகனே. கான்வென்ட் தையல் வகுப்பில் நாங்கள் தையலைப் பிரித்தால் ஊசித் துளையாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லை.

உன் அப்பாவின் மிளகுக் கடைக்கு முன்னாலும் வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரே நாளில் கடையும் இல்லை, வீதியும் இல்லை. அந்த நாளை எந்தப் பெட்டி முன்கூட்டிக் காட்டும்?

மாரியம்மன் தேருக்கு வந்த மருமகள் சந்திரகாந்தாவின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கேட்டேன். "கொடி அறுந்துருச்சு மாமி, நகைப் பத்தர்கிட்ட குடுத்திருக்கு" என்று தேரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீ விடியும்வரை திரைக்கு முன்னால் இருப்பதாகவும் சொன்னாள். உன் கந்தோர் வேலையைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினாள்.

கந்தோர் அடையாள அட்டை இல்லாமல் வெள்ளவத்தையில் நிற்கிறாயா? சோதனைச் சாவடியில் மறித்து, கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வாய்? பெட்டி பார்க்கிறேன் என்றா? போன மாதம்கூட நம் தெருப் பையன் ஒருவனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் தாய் இன்னும் பொலிஸ் வாசலில் நிற்கிறாள்.

கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் இருவரும் வந்து இருப்பதற்கு ஒரு வீடு வேண்டும். எது போயிருந்தாலும் போகட்டும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மாரியம்மன் உங்களுக்குத் துணை நிற்பாள்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். ஆகையால், வேலைக்குப் போகிறாயா இல்லையா என்பதை உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பவதி