நீ போட்ட புள்ளி

பேர்கன், நோர்வே
11.01.2025

என்ர சுதாவுக்கு,

எப்பிடியடி இருக்கிறாய்? அம்மாவின்ர முழங்கால் நோ குறைஞ்சதோ? இஞ்ச பனி கொட்டித் தள்ளுது. வெளிக்கிடவே மனம் வரேல்லை.

ஒரு சந்தோசமான செய்தி. பங்குனியிலை நானும் சஜீவனும் ஊருக்கு வாறம். கலியாணம் கட்டி முதல் தடவையாய் வாறம், உன்ர வீட்டிலைதான் நிப்பம்.

இவரும் நானும் இப்ப ஒரு விளையாட்டிலை விழுந்து கிடக்கிறம். உலகம் முழுக்க ஆக்கள் சின்னச் சின்னப் பெட்டியளை ஒளிச்சு வைச்சிட்டு, அந்தப் புள்ளியை இணையத்திலை போடுவினம். மற்றாக்கள் ஜி.பி.எஸ் கருவியோடை போய்த் தேடி எடுத்து, உள்ளுக்கை தங்கட பேரை எழுதிப்போட்டுத் திரும்ப வைப்பினம். சிரிக்காதை, செய்து பார்த்தால் விடமாட்டாய்.

பிரச்சினை என்னெண்டால், என்ர கருவியிலை நோர்வே வரைபடம்தான் கிடக்கு. இலங்கை வரைபடத்துக்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுத்தினது. போனை நம்பிப் போனால் வெளிநாட்டு டேட்டா காசைத் தின்னும், காட்டுக்கை சிக்னலும் இராது. நீ பள்ளிக்கூடத்திலை கணினி படிப்பிக்கிறனீதானே, மலிவாய் ஒரு வழி பார்த்துச் சொல்லு.

உன்ர கஜி


அக்கராயன்
26.01.2025

அன்பான கஜிக்கு,

உன்ர கடிதத்தை அம்மாவுக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினனான். இப்பவே உனக்கு மிளகாய்த்தூள் இடிக்கிற கதை கதைக்கிறா. இஞ்ச அறுவடை நடக்குது, ஊரெல்லாம் மெசின் சத்தம்.

வரைபடத்துக்கு ஒரு சதமும் குடுக்காதை. ஆக்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து வரைஞ்ச உலக வரைபடம் ஒண்டு இருக்கு. அதிலை இலங்கையை மட்டும் எடுத்து, உன்னட்டை இருக்கிற மாதிரிக் கருவியளுக்கு ஏத்தபடி மாத்தி, சும்மா இறக்க விட்டிருக்கினம். இறக்கி, மெமரி காட்டிலை போட்டுக் கருவிக்கை செருகினால் சரி. போனுக்கும் வீட்டிலை இருந்தே இறக்கி வை, பிறகு சிக்னல் தேவையில்லை. கதைக்கிறதுக்கு விமான நிலையத்திலை ஒரு சிம் எடு, காணும்.

ஒரு கரைச்சல் மட்டும் இருக்கு. கொழும்பு ஒழுங்கை ஒழுங்கையாய்த் தெரியுது, எங்கட பக்கம் பெரிய றோட்டை விட்டு இறங்கினால் வெறும் வெள்ளை. அதனாலை லீவு நாளிலை ஸ்கூட்டியிலை போனைக் கொளுவிக்கொண்டு, குளக்கட்டு, வாய்க்கால் பாதை, பளைத் தென்னந்தோட்டத்து ஒழுங்கை எல்லாம் ஓடிப் பதிஞ்சனான். “விசரோடி உனக்கு?” எண்டு அம்மா பேசினவா. கஜிக்கு எண்டு சொன்னாப்பிறகு, “அப்ப வெயிலுக்கு முதல் போ” எண்டவா.

பதிஞ்சதை எல்லாம் ஒரு கோப்பாய் இந்த மின்னஞ்சலோடை அனுப்புறன். அதிலை கடைசியாய் ஒரு தடம் இருக்கு. புதுக்குடியிருப்புக்கு அங்கால, களப்புப் பக்கம். அது என்ர அப்பாவைத் தாட்ட இடம். செட்டிகுளம் முகாமிலை அம்மா உனக்கும் சேர்த்துச் சோறு போட, நாங்கள் ஒரு பாயிலை படுக்கேக்கை, “ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போ” எண்டு கேட்டனீ. கூட்டிக்கொண்டு போறன். எனக்கு லீவு கிடையாட்டிலும் நீ போய்க் கும்பிடலாமெண்டுதான் தடத்தையும் அனுப்புறன். கடைசிச் சண்டையிலை செல் விழ விழ நானும் அம்மாவும் கையாலை கிண்டின குழியடி அது. ஒரு கல்லுக்கூட வைக்கேல்லை. அடையாளம் தெரிஞ்சால் ஆரும் கிளறிப்போடுவினம் எண்டு அம்மாக்குப் பயம். வருசாவருசம் வைகாசியிலை போய்ச் சும்மா இருந்திட்டு வாறம்.

அந்தத் தடம் உனக்கு மட்டும். ஆருக்கும் குடுக்காதை, எங்கையும் ஏத்தாதை.

வழி பார்த்திருக்கிற,
சுதாஜினி


பேர்கன்
06.04.2025

செல்லச் சுதா,

சுகமாய் வந்து சேர்ந்திட்டம். அம்மான்ர சமையலுக்குப் பிறகு இஞ்சத்தைச் சாப்பாடு தொண்டைக்குள்ளை இறங்குதில்லை.

நீ தந்த வரைபடம் அச்சொட்டு. ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட ஒரு பெட்டி, பளையிலை ஒண்டு, இன்னும் ஒண்டு ரெண்டு இடத்திலை வைச்சம். வன்னிக்குள்ளை பெட்டி வைச்ச முதல் ஆள் நான்தானாம். எங்கட குழுவிலை ஒரே பாராட்டு!

அப்பான்ர இடத்திலை நீயும் அம்மாவும் இருந்த இருப்பு கண்ணுக்குள்ளையே நிக்குது. கடைசி நாள் நானும் சஜீவனும் திரும்பவும் அங்க போய் ஒரு பூ வைச்சிட்டு வந்தம். சொல்லாமல் போனதுக்குக் கோவிக்காதை.

முத்தங்களோடை,
கஜி


அக்கராயன்
20.05.2025

கஜி,

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போனம். பத்தையை விலத்திக்கொண்டு நான் முன்னுக்குப் போனனான். அந்த இடத்திலை ஒரு வெள்ளைக்காரச் சோடி கையிலை போனோடை நிண்டினம். அவைக்கு முன்னாலை பெரிய கிடங்கு. மண் ரெண்டு பக்கமும் குவிஞ்சு கிடந்தது.

மாடு சாய்க்கிற ஏரம்பு அண்ணை எங்களைக் கண்டிட்டு வந்தார். “பிள்ளை, உவையள் கிண்டேல்லை. ஒரு மாசமாய் வெளிநாட்டுக்காரர் மாறி மாறி வந்து பெட்டி தேடுகினம். சண்டைக் காலத்திலை இயக்கம் தாட்ட தங்கம் கிடக்கு எண்டு கதை பரவிப் போச்சு. போன கிழமை ஆரோ இரவோடை இரவாய் மெசின் கொண்டுவந்து கிண்டிப்போட்டாங்கள்” எண்டார்.

அந்தப் பெட்டையிட்டை, “என்ன தேடுறியள்?” எண்டு இங்கிலீசிலை கேட்டன். போனைக் காட்டினாள். உன்ர பேர். நான் ஓடிப் பதிஞ்ச தடம். படத்திலை பட்ட மரம், அதுக்கு இஞ்சால அம்மா குந்தி இருக்கிறா, முதுகுப் பக்கம். நீ எப்ப எடுத்தனீ? கீழை எழுதியிருக்கிறாய்: “போரின் கண்ணீர் புதைந்த இரகசிய இடம். எந்த வரைபடத்திலும் இல்லாத பாதை. வந்து கண்டுபிடியுங்கள்.”

மண்ணுக்குள்ளை அப்பான்ர சாரத்துண்டு கிடந்தது. நீலக் கோடு போட்டது. அம்மா அதை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டா. அது ஆரின்ர இடமெண்டு அந்தப் பெட்டைக்குச் சொன்னன். அவள் போனை வைச்சிட்டு, முழங்காலிலை இருந்து, கையாலை மண்ணை உள்ளுக்குத் தள்ளத் தொடங்கினாள். அழுது அழுது தள்ளினாள்.

அவளுக்குத் தெரியாது கஜி. உனக்குத் தெரியும்.

ஏன் செய்தனீ?

சுதாஜினி


பேர்கன்
23.05.2025

என்ர சுதா,

போன் எடுக்கிறாயில்லை. இதையாவது வாசி. பக்கத்தை அழிச்சிட்டன். அறிஞ்ச நேரத்திலை இருந்து நித்திரையில்லை.

பெட்டியைச் சரியாய் அந்த இடத்திலை நான் வைக்கேல்லை. அங்கால பட்ட மரத்தடியிலைதான் வைச்சம். கருவி கொஞ்சம் முன்னப்பின்னக் காட்டும். இப்பிடிக் கிண்டுவாங்கள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. எங்கட ஆக்களின்ர துயரத்தை நாலு பேர் வந்து அறியட்டும் எண்டுதான் செய்தனான். நானும் அந்த முகாமிலை கிடந்தனான்தானே. எனக்கும் அதிலை ஒரு உரிமை இல்லையோ?

அப்பாவுக்கு ஒரு நல்ல கல்லறை கட்டுவம். செலவு முழுக்க என்ர பொறுப்பு. அம்மாவோடை ஒருக்காக் கதைக்க விடு. காலிலை விழுறன்.

உன்ர கஜி


அக்கராயன்
19.06.2025

கஜந்தினிக்கு,

ஏரம்பு அண்ணை பயத்திலை பொலிசுக்குச் சொல்லிப்போட்டார். கோட்டு உத்தரவோடை வந்து, நாடா கட்டி, கையுறை போட்ட ஆக்கள் எல்லாத்தையும் கிண்டி எடுத்துப் பையளிலை போட்டுக்கொண்டு போட்டினம். சாரத்துண்டையும் அம்மாட்டை இருந்து வாங்கினவை. அவா குடுக்க மாட்டன் எண்டவா. நான்தான் விரல் விரலாய் விலத்தி எடுத்துக் குடுத்தனான்.

அது அப்பாதான் எண்டு உறுதிப்படுத்த, மகள் எண்டு என்னைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்தவை. எப்ப திருப்பித் தருவினம் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கல்லறை கட்டுவம் எண்டு எழுதியிருக்கிறாய். கட்டுறதுக்கு அப்பா அங்க இல்லை.

உரிமை கேட்டாய். என்னட்டை இருந்த ஒண்டே ஒண்டை, நீ முகாமிலை கேட்டதை மறக்காமல் தந்தனான். அதைவிட என்ன உரிமை வேணும் உனக்கு? நீ அதைக் கொண்டுபோய்க் கைதட்டு வாங்கினாய்.

பூ வைக்கப் போனம் எண்டு எழுதினாயே, அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் இருக்கு. பெட்டி வைச்சதைப் புத்தி கெட்ட வேலை எண்டு நினைக்கலாம். அந்தப் பொய்யை யோசிச்சுத்தான் எழுதியிருப்பாய்.

அம்மாவுக்கு நீதான் எண்டு தெரியாது. அண்டைக்குக் கதைச்ச இங்கிலீசு அவாக்கு விளங்கேல்லை. ஆரோ தங்கம் தேடின கள்ளர் எண்டுதான் நினைச்சிருக்கிறா. காலமையும், “கஜி பிள்ளை ஏன் இப்ப எடுக்கிறேல்லை? அப்பாவைத் தோண்டினதை அவளுக்குச் சொன்னனியோ? கேட்டால் துடிச்சுப் போவாள்” எண்டவா. உனக்கு வேலை கூட எண்டு சொன்னனான். இனியும் அப்பிடித்தான் சொல்லுவன். உன்னைக் காப்பாத்த இல்லை. புருசனைத் தோண்டிக் குடுத்தாச்சு, தன்ர கையாலை சோறு போட்ட பிள்ளையையும் அவாட்டை இருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

அதனாலை அம்மாவோடை கதைக்கக் கேளாதை. எனக்கும் எழுதாதை. வந்தால் வாசிக்க மாட்டன்.

சுதாஜினி அப்புத்துரை