பதினைந்துக்கு ஒன்பதும் ஆறும்

லாச்சப்பல், 14.02.2012

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

யூதர்களின் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. அவர்கள் எபிரேய எழுத்துகளையே எண்களாக வைத்துத் திகதி எழுதுகிறார்கள். நேற்றுப் பதினைந்துக்குப் பத்தையும் ஐந்தையும் பென்சிலால் குறித்துவிட்டேன். கூட வேலை செய்யும் சிவமணி அண்ணை பதறினார்.

“உதை வெட்டிப்போடாதை! அந்த ரெண்டு எழுத்தும் சேர்ந்தா அவையின்ரை கடவுளின்ரை பேர் வந்திடும். ஒன்பதும் ஆறும் போடு.”

உடனே அழித்துவிட்டேன், பயமில்லை.

பழகுவதற்கு வீட்டில் ஒருவரின் திகதியை உடைந்த கல்லில் வெட்டச் சொன்னார். காணாமல்போன அண்ணாவின் பிறந்த திகதியை எடுத்தேன். யூதர்களுக்குப் பொழுதுபட்டால் அடுத்த நாள் தொடங்கிவிடும். அண்ணா பிறந்தது பொழுதுபட முந்தியா, பிந்தியா? எழுதுங்கள்.

இறந்த திகதிக்கும் சிவமணி அண்ணை கோடு போட்டுத் தந்தார். அதையும் அழித்துவிட்டேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

தயாபரன்